சீழ் நின்றால் நோய் நின்றதாகாது



காது, மூக்கு, தொண்டை மருத்துவன் என்ற முறையில் பெற்றோரிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மருந்து கொடுத்தால் நிற்கிறது, சளி பிடித்தால் மறுபடியும் காது வடிகிறதே, ஏன்?"

விடையைப் பல்லிலிருந்து தொடங்குகிறேன். காலையில் பல்லின் மேல் வழுவழுப்பான ஒரு படிவு இருக்கும். வாய் கொப்பளித்தால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பசைக்குள் வாழும் குடியிருப்பு அது. உயிர்ப்படலம் என்பது அதன் பெயர்.

நடுச்செவியின் உட்சவ்விலும் இத்தகைய படலம் உண்டாகிறது. நாள்பட்ட நடுச்செவி நோய்க்காகச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தப்பட்ட 26 குழந்தைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. அவர்களிடம் எடுத்த 50 சவ்வு மாதிரிகளில் 46-இல் படலம் காணப்பட்டது.

மருந்து, படலத்துக்கு வெளியே திரியும் கிருமிகளைக் கொல்கிறது, சீழ் நிற்கிறது. பசைக்குள் மந்தமாக இருக்கும் கிருமிகள் தப்பிவிடுகின்றன. சில நாளில் மீண்டும் கிளம்புகின்றன. காதுக்குள் பல்துலக்கியை விட முடியாது. எனவே மருத்துவர் சீழை உறிஞ்சி எடுத்து, காதை உலர்த்தி, சொட்டு மருந்தை நேராக அங்கே சேர்க்கிறார். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். இதற்குப் பொறுமை வேண்டும்.

இதில் உங்கள் பங்கு பெரிது. காது வடியும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறையலாம். கூப்பிட்டால் திரும்பாது, சொல்வதை எழுதும்போது பிழை விடும். 'கவனமில்லாதவன்' என்று முடிவு கட்டுமுன் காதைப் பற்றிக் கேளுங்கள். நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்கும்படி முன் வரிசையில் உட்கார வையுங்கள். வாடையைச் சொல்லி மற்றப் பிள்ளைகள் ஒதுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் தவறாமல் காட்டுங்கள்.

பெற்றோரிடம் மூன்று செய்திகள் சொல்லுங்கள்: காதில் எண்ணெய் விடக் கூடாது, குளிக்கும்போது தண்ணீர் புகக் கூடாது, சீழ் நின்றாலும் மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை சிகிச்சையை நிறுத்தக் கூடாது. காதின் பின்புறம் வீக்கம், கடும் தலைவலி, வாந்தி, முகம் கோணுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாடம் காது வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்த வழியைத் திறந்து வைப்பதும் கற்பித்தலே.