அச்சிடாமல் விட்ட படம்

(நூற்றாண்டு விழாப் புகைப்படக் கண்காட்சித் தொடக்கத்தில் நிகழ்த்திய உரை)



வைத்தியம் பார்ப்பவர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இன்று எங்கள் வகுப்பின் ஒரு பிலிம் றோலைப் பற்றித்தான் பேச வந்தோம்.

1995இல் நாங்கள் பத்தாம் வகுப்பு. சமூகக்கல்வி ரீச்சர் புத்தளம் உப்பளத்துக்குக் கூட்டிச் சென்றார். ஒருத்தியின் நானா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கமரா ஒன்று கிடைத்தது. காசு சேர்த்து றோல் வாங்கினோம். 36 படம், நாங்கள் பன்னிரண்டு பேர், தலைக்கு மூன்று. யார் எப்போது அமுக்குவது என்பதில் நடந்த சண்டையை ரீச்சர் இன்னும் மறந்திருக்க மாட்டார்.

ஒருத்தி மட்டும் உப்பளத்தில் ஒரு படமும் எடுக்கவில்லை. தன் மூன்றையும் மிச்சம் பிடித்து, கமராவை ஓர் இரவு இரவல் கேட்டு வாங்கிப் போனாள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. வீட்டிலிருந்த படங்களை எடுத்துவர முடியவில்லை. மௌத்தாகிப்போன வாப்பாவின் முகத்துக்கு ஒரு படமும் மிஞ்சவில்லை. முகாமின் கிடுகுக் கொட்டிலில், குப்பி விளக்கு வெளிச்சத்தில், உம்மாவை மூன்று முறை எடுத்திருக்கிறாள்.

படம் கழுவி வந்தபோது 36இல் 27தான் அச்சாகியிருந்தன. "மிச்சமெல்லாம் ஆடிப்போன படம், காசை வீணாக்க வேணாம் பிள்ளைகள்" என்றார் கடைக்காரர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவளுடைய மூன்றும் அந்த மிச்சத்தில். அவள் கேட்கவில்லை; நாங்களும் அவளுக்காகக் கேட்கவில்லை. எங்கள் உப்புக் குவியல்களோ சீமெந்துக் குவியல்போல் சாம்பல் நிறத்தில் வந்திருந்தன. நமக்கு இது கைவராது என்று அன்றே முடிவு கட்டினோம்.

பிறகு எங்களில் சிலர் வைத்தியத்துக்குப் போனோம். வைத்தியசாலையிலும் அப்போது பிலிம்தான். இருட்டறையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்ப்போம். நோயாளி அசைந்து எக்ஸ்ரே தெளிவில்லாமல் வந்தால் திருப்பி எடுக்கச் சொல்வோம். தெளிவில்லாதது கழிக்க வேண்டியது என்ற பாடம் இரண்டாம் தடவையும் எங்களுக்குள் இறங்கியது.

டிஜிட்டல் கமரா வந்தபின்தான் துணிச்சல் வந்தது. அதை மறைக்கமாட்டோம். எந்தக் கமராவும் தன் முன்னிருப்பதை நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். உப்பு வெள்ளையாக வர வேண்டுமென்றால் அது சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலாக ஒளி விட வேண்டும். திரையில் உடனே பார்க்க முடிந்ததால் இதை ஒரே மத்தியானத்தில் பிடித்துக்கொண்டோம். அளவு மிஞ்சினால் வெள்ளை முழுதும் வெந்து போய்விடும், டிஜிட்டலில் அதை மீட்க முடியாது; நெகற்றிவ் அந்த விஷயத்தில் பொறுமைசாலி. உடப்புக் கரைவலையை எடுக்கப் போன விடியற்காலையில் முந்நூறு படம் எடுத்தோம். தரையேறுமுன்பே இருநூற்றைம்பதை அழித்தோம்.

அந்த அழிப்புத்தான் பின்னால் உறுத்தியது. அவளுடைய உம்மா காலமானபின், பழைய கொப்பிகளுக்குள்ளிருந்து அந்த நெகற்றிவ் துண்டு கிடைத்தது. கடற்கரை ஈரத்தில் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினோம். உம்மா சிரிப்பை மறைக்கக் கையைத் தூக்கியிருக்கிறார், கை ஆடிப்போயிருக்கிறது, கண்கள் மட்டும் ஆடவில்லை. அன்றிரவு அவள் கையில் போன் இருந்திருந்தால் மூன்றையும் அங்கேயே அழித்திருப்பாள். அவளே சொன்னாள்.

கணினியில் கூராக்கிப் பூஞ்சணத்தையும் நீக்கலாம் என்று வைத்தியப் புத்தியில் நாங்கள் சொன்னோம். வேண்டாம் என்றாள். அவ்வளவு உறுதியாக அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவை மனனம் செய்தோமே, அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசளித்தபின்தான் படமெடுக்கத் தொடங்கினார். எங்கள் வயதுக்காரி! படம் மங்கல், கண்ணாடித் தட்டில் கீறல், விரல் அடையாளம் என்று அக்காலப் புகைப்பட இதழ்கள் குறை சொல்லின. அவர் தன் போக்கை மாற்றவில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து, இங்கும் படமெடுத்து, 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில்.

ஆனால் களுத்துறைக் குடியானவர்கள் என்று அவர் தலைப்பிட்ட படத்தில் சிறுமிக்கு வயது எழுதியிருக்கிறது, பெயர் இல்லை. அதைப் பார்த்தபின், கண்காட்சியில் உள்ள ஒவ்வொரு முகத்தின் கீழும் பெயர் எழுதினோம். சம்மதம் கேட்டுத்தான். உடப்பில் சிலர் மறுத்தார்கள். அந்தப் படங்களை மாட்டவில்லை.

கதவருகே இரண்டாவதாக உம்மாவின் படம் இருக்கிறது. கீழே முழுப்பெயரும் ஊரும் உண்டு. எடுத்தவளின் பெயரும் உண்டு. அதை எழுதச் சம்மதிக்க வைக்கத்தான் எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. அவள் படத்தின் பக்கத்திலேயே நிற்கிறாள், போய்ப் பேசுங்கள். மற்றப் பதினொரு பேரும் பின்னால் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருப்போம்.