விண்ணாய்வும் கணிப்பொறி நிரலும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விண்வெளியைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். ராக்கெட்டைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். அதன் நெருப்பும் புகையும் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. அதற்குப் பின்னால் ஓடுகின்ற கணிப்பொறி நிரல் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை எழுதியவர்கள் அதனினும் குறைவாகவே தெரிகின்றார்கள். ஆகவே அவர்களைப் பற்றியே இன்று பேசுவோம்.

‘கம்ப்யூட்டர்’ என்னும் சொல் முதலில் பொறியைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் மனிதரைக் குறித்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் லாங்லி என்னும் விமான ஆய்வுக்கூடம் உண்டு. காற்றுக் குகையில் விமானத்தின் மாதிரியை வைத்து, வேகமாகக் காற்றைச் செலுத்தி, இறக்கையின் மீது விழும் அழுத்தத்தை அளப்பார்கள். அளவுகள் மலைபோல் குவியும். அவற்றைச் சூத்திரத்திலிட்டுக் கணக்கிட்டு, வரைபடமாக்கித் தருவதற்குப் பெண்களை அமர்த்தினார்கள். 1943 முதல் கறுப்பினப் பெண்களும் அப்பணியில் சேர்ந்தனர்.

அக்கதவு தானாகத் திறந்துவிடவில்லை என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் தலைநகரை நோக்கி மாபெரும் பேரணி நடத்தப் போவதாக அறிவித்த பின்னரே, 1941-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாடு கூடாதென ஆணை பிறப்பித்தார். ஆணை வந்ததால் வேலை வந்தது, மரியாதை வரவில்லை. அப்பெண்களுக்குத் தனிக் கட்டடம், தனிக் கழிப்பறை. உணவுக்கூடத்தில் ஒரு மூலை மேசை. அதன்மேல் அவர்கள் இனத்தைக் குறித்த அட்டை ஒன்று. மிரியம் மான் என்னும் அம்மையார் அந்த அட்டையை எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். மறுபடியும் அட்டை வைக்கப்படும்; மறுபடியும் அது மறையும். இறுதியில் வைத்தவர்களே ஓய்ந்துபோனார்கள். இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

அப்பிரிவுக்கு 1949 முதல் பொறுப்பேற்றவர் டாரதி வாகன். அதற்கு முன் பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியை. 1950-களில் ஐ.பி.எம். கணிப்பொறிகள் லாங்லிக்குள் நுழைந்தன. பல நாள் கணக்கைப் பொறி சில மணியில் முடித்தால் கணக்குப் போடும் பெண்கள் என்ன ஆவார்கள்? பொறி வந்தால் வேலை போகும் என்று 1980-களில் நம் நாட்டு வங்கி ஊழியர்கள் அஞ்சியதை இங்குள்ள மூத்தோர் அறிவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால் வாகன் அம்மையார் அஞ்சியதோடு நிற்கவில்லை. பொறிக்குக் கட்டளையிடும் மொழியாக 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரானைத் தாமே கற்றார். தம்மோடிருந்த பெண்களுக்கும் கற்பித்தார். 1958-இல் நாசா அமைந்து, தனிப் பிரிவுகள் கலைக்கப்பட்டபோது, அவர் புதிய கணிப்பொறிப் பிரிவில் நிரல் எழுதுபவராக நின்றார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவர் நாடிய தலைமைப் பதவி அதன்பின் அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1971-இல் ஓய்வுபெற்றார்.

அவர் பிரிவில் பணி தொடங்கியவரே காதரின் ஜான்சன். 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், கணிப்பொறி தந்த பாதைக் கணக்கை அந்த அம்மையார் கையால் போட்டுச் சரிபார்த்த பின்னரே புறப்படுவேன் என்றார். அச்செய்தியைப் பலரும் கேட்டிருப்பீர்கள், விரிக்க வேண்டியதில்லை.

நாம் சற்று நின்று பேச விரும்புவது வேலரி தாமஸ் என்பவரைப் பற்றி. இளமையில் அவர் கையில் கிடைத்த மின்னணுவியல் நூல் தலைப்பிலேயே ‘சிறுவர்களுக்கு’ என்றிருந்ததாம். சிறுமிகளுக்கு அதில் இடமில்லை! அவரோ இயற்பியலில் பட்டம் பெற்று, 1964-இல் நாசாவின் கோடார்டு மையத்தில் சேர்ந்தார். 1970 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களைப் பதப்படுத்தும் நிரல்களின் ஆக்கத்தை மேற்பார்த்தார்.

முதல் லேண்ட்சாட் 1972 ஜூலை 23-இல் ஏவப்பட்டது. 18 நாட்களுக்கு ஒருமுறை அதே நிலத்தின் மேல் வந்து, 185 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் பார்த்தது. அது அனுப்பியது படமன்று, வெறும் எண்கள். ஏறத்தாழ 80 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள்: பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இரண்டு. எண்களை அப்படியே அடுக்கினால் படம் கோணலாக வரும். ஏனெனில் கருவி வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருக்கையில் பூமி கிழக்கே சுழன்று போய்விடுகிறது. ஒரே நேரத்தில் ஆறு வரிகளைப் பார்த்த ஆறு உணர்கருவிகளும் ஒரே அளவாய் உணர்வதில்லையாதலால், படத்தில் கோடுகளும் விழும். கோணலை நிமிர்த்துவதும் கோடுகளை அழிப்பதும் நிரலின் வேலை.

அதன்பின் வருவது எட்டாம் வகுப்புக் கணக்கு. உயிருள்ள இலை சிவப்பொளியை உண்ணும். அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். எனவே அகச்சிவப்பு எண்ணிலிருந்து சிவப்பு எண்ணைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பயிருள்ள சதுரத்தில் அகச்சிவப்பு 60, சிவப்பு 20 எனக் கொண்டால், 40-ஐ 80-ஆல் வகுக்க 0.5 கிடைக்கும். வெறும் மண்ணில் 40-உம் 32-உம் எனில் 0.11 மட்டுமே. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் விடை சுழிக்குக் கீழே இறங்கும். வகுப்பது எதற்கென்று கேட்கலாம். வெயில் மங்கினால் இரண்டு எண்களும் சேர்ந்தே குறையும். வகுத்தால் அக்குறை பெருமளவு நீங்கிவிடும். இதனைச் சதுரம் சதுரமாகப் பல இலட்சம் முறை செய்ய மனிதரால் இயலாது; நிரலால் இயலும்.

1972-இல் சோவியத் நாடு சந்தையில் பெருமளவு கோதுமையை வாங்கிவிட, உலகெங்கும் தானிய விலை ஏறிற்று. பிற நாட்டு விளைச்சலை முன்கூட்டி அறிய 1974-இல் அமெரிக்கா பெரும்பரப்புப் பயிர்க் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அதில் ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட குழுவுக்கு வேலரி தாமஸ் தலைமை தாங்கினார். தனிக் கட்டடத்தில் கணக்குப் போட்ட பெண்களுக்கும் இவருக்கும் இடையே ஒரு தலைமுறைதான்.

அன்று விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசம். அவற்றைக் கணக்கிடும் நிரல்களிலும் சில இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி விளக்கை அணைக்கலாம். சுவரில் விழப்போவது நம் வட்டத்தின் லேண்ட்சாட் படம். நாம் சொன்ன கணக்கை அதன்மேல் போட்டவர்கள் நம் மாலை வகுப்பு மாணவியர் இருவர். பச்சையாய்த் தெரிவது பயிர். நீலமாய்த் தெரிவது ஏரி. ஏரியின் வடகரையில், நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை ஏன் தெரிகிறது என்பதை அவர்களே முன்வந்து விளக்குவார்கள்.