கால்நடைக் கொட்டிலில் கூடிய விமானப்படை
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



விமானப்படை என்றவுடன் ஆகாயத்தில் நிகழ்ந்த சண்டைகளும், வீழ்ந்த குண்டுகளும், வீரர் பெற்ற பதக்கங்களுமே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. நான் இன்று பேசப் புகுவதோ, விமானமே இல்லாத ஒரு விமானப்படை நிலையத்தைப் பற்றியாகும். கனடா தேசத்து டொராண்டோ நகரில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் இருந்த அந்நிலையத்துக்கு முதலாவது மானிங் டெப்போ என்று பெயர். படையில் புதிதாய்ச் சேர்ந்தவர்களை வரவேற்று, உடுப்பளித்து, கவாத்துப் பழக்கி, வேண்டிய இடங்களுக்கு வகுத்தனுப்பும் இடம் அது. இவ்விஷயத்தை நான் எடுத்துக்கொண்டபோது, "இதில் நம்மவர்க்கு என்ன இருக்கிறது?" என்று நம் காரியதரிசி அவர்கள் கேட்டார்கள். அதற்கு விடை இப்பிரசங்கத்தின் நடுவே வரும். சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் யுத்தம் மூண்டது. அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் தேதி ஒட்டாவா நகரில் இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து ஆகிய நான்கு தேசத்தாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். விமானிகளைக் கனடாவிலேயே பயிற்றுவது என்பது அதன் சாரம். பகைவருடைய விமானம் எட்டாத தூரம், பரந்த வெளி, அருகிலேயே அமெரிக்கத் தொழிற்சாலைகள் என அத்தேசத்துக்கு இருந்த வசதிகள் பல. 1945 மார்ச்சு 31-இல் அத்திட்டம் முடிவுற்றபோது பயிற்சி பெற்று வெளிவந்தவர் தொகை 1,31,553. அவருள் கனேடிய விமானப்படையைச் சேர்ந்தவர் 72,835, இங்கிலாந்துப் படையைச் சேர்ந்தவர் 42,110, ஆஸ்திரேலியர் 9,606, நியூஜிலாந்தார் 7,002.

இத்துணைப் பேருக்கும் பள்ளிகள் கட்டுவதற்கு முன், வருகிற வாலிபரை எங்கே தங்க வைப்பது? டொராண்டோவில் ஒன்டேரியோ ஏரிக்கரையில், 1879 முதல் ஆண்டுதோறும் பெரிய பொருட்காட்சி நடந்துவந்த மைதானம் ஒன்றுண்டு. அதில் கொலீஸியம் என்னும் மாபெரும் மண்டபத்தில் 1922 முதல் குளிர்காலக் கால்நடைக் கண்காட்சியும் நடந்தது. பக்கத்தில் 1931-இல் குதிரைகளுக்கென்று கட்டியதை 'குதிரை அரண்மனை' என்றே அழைத்தனர். கூரை, கணப்பு, தண்ணீர், சாக்கடை யாவும் ஆயத்தமாய் இருந்த இடத்தை விமானப்படை எடுத்துக்கொண்டது. இரண்டாவது டெப்போ பிராண்டன் ஊரிலும் மூன்றாவது எட்மண்டன் நகரிலும் அமைந்தபோது, அவையும் இத்தகைய கண்காட்சிக் கட்டடங்களிலேயே அமைந்தன. எந்த அரங்கில் நடுவர்கள் காளைகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்தார்களோ, அங்கேயே வைத்தியர்கள் மனிதர்களைத் தட்டிப் பார்த்தார்கள். இதை எண்ணிச் சிரித்தவர்கள் முதலில் அவ்வாலிபர்களே.

முதல் நாள் ஒருவனுக்கு நேர்வதைக் கேளுங்கள். ரயிலிலிருந்து இறங்கி வருகிறான். அவன் உழவன் மகனாயிருக்கலாம், பாங்கிக் குமாஸ்தாவாயிருக்கலாம், கலாசாலை மாணாக்கனாயிருக்கலாம். அவன் ஆசையோடு வளர்த்த கிராப்பு ஒரு நொடியில் தரையில் விழுகிறது. இரு கைகளிலும் ஊசி குத்தப்படுகிறது. வாட்டசாட்டமான ஆட்களே அவ்வரிசையில் மயங்கி விழுந்ததுண்டு. நீலச் சாம்பல் நிறக் கம்பளி உடுப்பும் பூட்ஸும் கிடைக்கின்றன. பெயருக்குமேல் எண் ஒன்று ஏறுகிறது. சம்பளம் நாளொன்றுக்கு ஒரு டாலர் முப்பது சென்ட். இரவில் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய கட்டில் வரிசையில், ஆயிரக்கணக்கானோர் இருமுவதும் புரள்வதும் கேட்கப் படுத்துக்கொள்கிறான். மழைக்காலத்தில் சுவர்களிலிருந்து பழைய மாட்டுவாடை எழும். வானத்தில் பறக்க வந்தவன் முதலில் கற்றது கட்டில் விரிப்பை மடிக்கவும், இடம் வலம் தவறாமல் திரும்பவுமே.

அங்கே அவன் எத்தனை நாள் இருப்பான் என்பதை ஒருவரும் அறியார். செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த அன்பர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஏரியின் பயனைச் சொல்ல வேண்டுவதில்லை. மழை பெய்கிறபோது பெய்யும். பயிருக்கோ அது வேண்டுகிறபோதுதான் வேண்டும். இடையே நின்று தேக்கி மதகு வழியாய் விடுவது ஏரி. டெப்போ அத்தகையதே. ஆள்சேர்ப்பு மழைபோல் வந்தது. பள்ளிகளோ ஒவ்வொன்றாகவே திறந்தன. 1940 ஏப்ரல் 29-ஆம் தேதி டொராண்டோவில் முதல் ஆரம்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதில் அமர்ந்தவர் 221 பேரே. ஏரி நிரம்பி வழியும்போது, எஞ்சிய வாலிபரைத் துப்பாக்கி கொடுத்து விமான நிலையங்களில் காவல் நிற்க அனுப்பினார்கள். கொட்டும் பனியில் பிறருடைய விமானத்தைக் காத்து நின்று, தன் முறை எப்பொழுது வருமென்று ஏங்கியவர் பலர். சண்டையின் கஷ்டத்தைச் சொல்பவர்கள் இந்தக் காத்திருத்தலின் கஷ்டத்தைச் சொல்வதில்லை. வீட்டில் பட்டதாரிப் பிள்ளையை உத்தியோகத்துக்குக் காக்கவைத்திருக்கும் பெற்றோர் இதை உடனே உணர்வார்கள்.

இனிக் காரியதரிசி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். அக்கொட்டிலில் செல்வன் மகனும் கூலிக்காரன் மகனும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றார்கள். ஒரு வாரத்தில் யார் எந்தக் குடியென்பது மறந்துபோயிற்று என்று பலரும் வியந்து சொல்லியிருக்கிறார்கள். அதை நானும் மெச்சுகிறேன். ஆனால் கொட்டிலுக்குள் நிலவிய சமத்துவத்தைப் பேசுகிறவர்கள், வாயிற்படியில் எழுதியிருந்ததையும் பேசவேண்டும். யுத்தம் தொடங்கிய காலத்தில் கனேடிய விமானப்படையின் விதி, சேருகிறவன் கலப்பற்ற ஐரோப்பிய வம்சத்தவனாய் இருக்கவேண்டும் என்றிருந்தது. அவ்விதி 1942-ஆம் ஆண்டில்தான் நீங்கிற்று.

கறுப்பு இளைஞரான ஆலன் பண்டி என்பவர் 1939-இல் வெள்ளை நண்பர் ஒருவருடன் விமானப்படையில் சேரச் சென்றார். நண்பரை ஏற்றார்கள், இவரை ஏற்கவில்லை. பின்னர்த் தரைப்படைக்கு வரும்படி கட்டளை வந்தபோது இவர் அதற்கு இணங்கவில்லை. விதி மாறிய பிறகே விமானப்படையில் புகுந்து விமானியானார். அப்பொழுதும் இவரோடு ஒரே விமானத்தில் செல்ல முன்வந்தவர் அரிது. எல்வுட் ரைட் என்னும் வழிகாட்டி, தானாகவே முன்வந்து உடன் சென்றார். 1944 அக்டோபரில் நார்வே கடலோரத்தில் பகைவர் கப்பல்களைத் தாக்கிய பணியில் அவ்விருவரும் ஒரே விமானத்தில் இருந்தனர். விக்டோரியா நகரத்துச் சீன வம்சத்தவரான டக்ளஸ் சாம் என்பவரையும் முதலில் திருப்பியனுப்பி, பிறகு ஏற்றனர். 1944-இல் பிரான்சில் விமானம் வீழ்த்தப்பட்டபின் அவர் அந்நாட்டு எதிர்ப்புப் படையாரோடு கூடி மறைந்து பணி செய்தார்.

நம் தேசத்து ஹர்தித் சிங் மாலிக் என்னும் சீக்கியர், முதல் யுத்தத்தில் 1917-லேயே இங்கிலாந்தின் விமானப்படையில் தலைப்பாகையின்மேல் தனியே செய்த தொப்பியணிந்து பறந்தவர். அவருடைய தளபதிகளுள் ஒருவரான பார்க்கர், கனடாவில் பிறந்தவர். 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் ஹைகமிஷனராகக் கனடாவுக்குச் சென்றவர் இதே மாலிக். அவ்வாண்டு வரையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இந்தியர்க்கு வாக்குரிமையும் இருந்ததில்லை.

நாம் பிறப்பினால் ஒன்று கூடிய சங்கத்தார். பிறப்பால் கூடுவது வேறு, பிறப்பால் கதவடைப்பது வேறு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நானும் அதை நம்பியே இச்சங்கத்தில் சந்தாதாரனாய் இருக்கிறேன். எனினும் நம் மாணவர் விடுதியின் விண்ணப்பத்தாளை எடுத்துப் பார்க்கும்பொழுது, அக்கனேடிய விதி எனக்கு நினைவுக்கு வருகிறது. நிர்வாக சபையார் இதைக் குற்றமாகக் கொள்ளலாகாது. அடுத்த கூட்டத்தில் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளவேண்டுமென்றே கேட்கிறேன்.

1941 ஜூலையில் ஸ்திரீகளுக்கென ஒரு பிரிவு அமைந்ததையும், யுத்தம் முடிவதற்குள் சுமார் 17,000 பெண்கள் அதில் பணி புரிந்ததையும் இங்கே குறிப்பிடவேண்டும். அவர்களுக்கும் டொராண்டோவிலேயே தனி டெப்போ இருந்தது. பயிற்சி முடித்த ஆடவர் கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தபோது, அங்கே போர்ன்மத் என்னும் கடற்கரை ஊரின் ஹோட்டல்களில் மறுபடியும் ஒரு டெப்போ, மறுபடியும் காத்திருத்தல். 1943 மே 23-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், ஜெர்மன் விமானங்கள் அவ்வூரில் குண்டு வீசின. ஒருமுறையேனும் போருக்குப் பறந்திராத விமானப்படையினர் சிலர் அன்று ஹோட்டலிலேயே மாண்டனர். கனேடிய விமானப்படையில் யுத்தத்தில் உயிர்நீத்தோர் சுமார் 17,000 பேர். அவர்களிற் பலர் அந்தக் கொட்டில் கட்டில்களில் சில வாரமாவது உறங்கியவர்கள்.

யுத்தம் தீர்ந்தபின் மண்டபத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். 1946-இல் கால்நடைக் கண்காட்சி மீண்டும் தொடங்கியது. கொலீஸியம் இன்றும் நிற்கிறது. அங்கே பனிக்கட்டித் தரைமீது ஹாக்கி ஆடுகிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் கண்காட்சி கூடும்போது, பக்கத்துக் குதிரை அரண்மனையில் குதிரைகள் வந்து நிற்கின்றன.