காணாமற்போன குழந்தையும் கட்டிவிட்ட கதைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று பேசுமாறு நமக்கு அளிக்கப்பெற்ற பொருள் ‘குழந்தைகளின் பாதுகாப்பு’ என்பது. இதைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் குழந்தைகளுக்கே அறிவுரை கூறுவர். அறியாதவர் தரும் மிட்டாயை வாங்காதே, தெரியாதவர் வண்டியில் ஏறாதே என்பர். நல்ல அறிவுரைதான். ஆயினும் இன்று நாம் குழந்தைகளுக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. பெரியவர்களாகிய நமக்கே சிலவற்றைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறோம். எங்கோ ஒரு குழந்தை காணாமற்போனால், கையில் தொலைபேசியுடன் வீட்டில் அமர்ந்திருக்கும் நாம் என்ன செய்கிறோம்? என்ன செய்ய வேண்டும்? இவ்வளவே நம் பேச்சு.

2023ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் மாலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொல்லம் மாவட்டத்து ஓயூரில், தனிப்பாட வகுப்புக்கு அண்ணனுடன் நடந்து சென்ற 6 வயதுப் பெண் குழந்தையை வெள்ளைக் காரில் வந்தவர்கள் இழுத்துச் சென்றனர். தங்கையைக் காக்கப் போராடிய அந்தச் சிறுவனே நடந்ததை உலகுக்குச் சொன்னான். அன்று மாலையே 5 இலட்சம் ரூபாய் கேட்டு ஒரு பெண்ணின் குரல் தொலைபேசியில் வந்தது. பின்னர் அத்தொகை 10 இலட்சமாயிற்று. கேரள நாடே அன்றிரவு உறங்கவில்லை. சாலைதோறும் வண்டிகள் சோதிக்கப்பட்டன. மறுநாள் நண்பகலுக்குப் பின், கொல்லம் ஆசிராமம் மைதானத்தில் தனியே விடப்பட்டிருந்த குழந்தையைக் கல்லூரி மாணவர்கள் அடையாளம் கண்டனர். குழந்தை தாயின் மடியை அடைந்தது. கேட்டவர் கண்களில் எல்லாம் நீர் நிறைந்தது.

அவ்விரவு நம் காலனியில் நாம் என்ன செய்தோம்? இதைச் சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ‘வெள்ளைக் கார் ஒன்று பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைப் பக்கம் போயிற்றாம்’ என்றொரு குரற்செய்தி இரவு 9 மணியளவில் வாட்ஸ்அப்பில் வந்தது. பேசியவர் யார்? அறியோம். காரைக் கண்டவர் யார்? அறியோம். ஆனாலும் நாம் அதைப் 3 குழுக்களுக்கு அனுப்பினோம். அரை மணி நேரத்தில் அதே செய்தி மலையாளத்திலிருந்து தமிழாகி, ‘வெள்ளைக் காரில் தமிழ்நாட்டுக் கும்பல்’ என்று உருமாறி நமக்கே திரும்பி வந்தது. ‘தமிழ்நாட்டுக் கும்பல்’ என்ற சொல்லை இடையில் சேர்த்தவர் யார்? அதையும் அறியோம். நாம் விட்டெறிந்த கல் சுவரில் பட்டு நம் நெற்றிக்கே வந்தது போலாயிற்று.

உண்மை என்னவாயிற்று? டிசம்பர் 1ஆம் நாள், தமிழ்நாட்டு எல்லையில், தென்காசி மாவட்டத்துப் புளியரையில் 3 பேர் பிடிபட்டனர். அவர்கள் தமிழ்நாட்டுக் கும்பலும் அல்லர். வடநாட்டுக் கூட்டமும் அல்லர். அதே கொல்லம் மாவட்டத்துச் சாத்தன்னூரைச் சேர்ந்த கணவர், மனைவி, மகள் ஆகிய படித்த குடும்பத்தினர். கடன் சுமையே காரணம் என்று காவல்துறை கூறியது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் கடன். அதில் நாம் தலையிடவில்லை. நாம் சொல்ல விரும்புவது இது ஒன்றே: அந்நான்கு நாட்களில் நாம் கேட்ட நூறு கதைகளுள் ஒன்றேனும் சாத்தன்னூரைச் சுட்டவில்லை.

அந்த வாரத்திலேயே நம் காலனியில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. தவணைக்குப் பாத்திரம் விற்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர், பாத்திர மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளிடம் ஒரு வீட்டுக்கு வழி கேட்டார். அவ்வளவே. நம் இளைஞர்கள் நால்வர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஒருவர் படம் எடுத்தார். ஒருவர் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். பெரியவருக்கு நா எழவில்லை. அப்போது எதிர்வீட்டு ஆச்சி வெளியே வந்து, “மக்களே, என்ன வேலை செய்யுதிய? 10 வருசமா இவருட்டதானே நான் பானையும் குடமும் வாங்குதேன். விடுங்க அவரை” என்றார். கூட்டம் கலைந்தது. ஆச்சி கொடுத்த மோரைப் பெரியவர் குடித்தபோது அவர் கை நடுங்கியதை நாம் கண்டோம்.

ஆச்சி அன்று கோவிலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை எண்ணும்போதெல்லாம் நமக்குத் திருவண்ணாமலை மாவட்டம் நினைவுக்கு வருகிறது. 2018 மே 9ஆம் நாள், சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலைத் தேடிச் சென்ற ஒரு குடும்பத்தார் போளூரை அடுத்த அத்திமூர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்டனர். அவர்களுள் இருந்த 65 வயது மூதாட்டி அங்கு நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் ஊருக்குள் புகுந்துவிட்டனர் என்ற வதந்தி ஏற்கெனவே பரவியிருந்தது. கூட்டம் கூடிற்று. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். பேரப்பிள்ளைகளைக் கண்டால் மிட்டாய் கொடுக்காத பாட்டி நம் வீடுகளில் உண்டா? அடித்தவர்களும் தமிழர், இறந்தவரும் தமிழர். மொழி அங்கே காப்பாற்றவில்லை.

அதே ஆண்டு சூலை 1ஆம் நாள், மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்து ரைன்பாடா என்னும் சிற்றூரில், ஊர் ஊராய்ச் சென்று இரந்துண்ணும் நாடோடிச் சமூகத்தார் 5 பேர் இதே ஐயத்தால் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் நாடெங்கும் பரவிய ஒரு காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வர். அது இந்தியாவில் எடுத்ததே அன்று. பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுறுத்த நடித்து எடுத்த படம் அது. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதியும் அதில் இருந்தது. அப்பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த வெட்டுக்கு எத்தனை உயிர்கள் இரையாயின என்று எண்ணிப் பாருங்கள். அம்மாதமே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்குமேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு அறிவித்தது. கருவிக்கு வரம்பு வந்தது. நாவுக்கு வரம்பு நாம்தாம் விதித்துக்கொள்ள வேண்டும்.

வேறெவர்க்கும் இல்லாத பொறுப்பு இதில் நமக்கு உண்டு. நாம் எல்லைக்காரர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகத்தீசுவரமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே ஒழிய உறவு அறவில்லை. இஞ்சிவிளையில் வீடும் களியக்காவிளையில் கடையுமாக வாழ்வோர் நம்மிடையே பலர். இரு மொழியும் நம் வீட்டுத் திண்ணையில் புழங்குகின்றன. ஆகவே மலையாள வதந்தி தமிழுக்கும், தமிழ் வதந்தி மலையாளத்துக்கும் போகும் வாயில் நாமே. ஒரு மொழியில் பொய்யென்று மறுக்கப்பட்டது மறுமொழியில் புதுச் செய்தியாகப் பிறப்பது நம் கையால்தான்.

மேலும், கேரளத்தில் இத்தகைய அச்சம் எழும்போதெல்லாம் முதற் கண் யார்மேல் விழுகிறது? 2018 தொடக்கத்தில் சன்னற் கண்ணாடிகளில் கறுப்பு ஒட்டுத் துண்டுகள் காணப்பட்டபோது, குழந்தை கடத்துவோர் வீடுகளுக்கு இட்ட அடையாளம் அவை என்று கதை பரவியது. கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாதிருக்கக் கடைக்காரர் ஒட்டும் துண்டுகளே அவை என்று தெரியவந்தது. அதற்குள் பிச்சை எடுப்போரும், பிழைப்புத் தேடி வந்த பிறமொழியாளரும் ஆங்காங்கே அடிபட்டனர். தெருவில் திரியும் பரட்டைத் தலை, அழுக்கு வேட்டி, புரியாத மொழி ஆகிய மூன்றுமே குற்றத்தின் சான்றாயின. அன்று அம்மூன்றையும் உடையவர் நம் பாத்திர வியாபாரியாகவும் இருக்கலாம். வழிதவறி வந்த நம் உறவினராகவும் இருக்கலாம்.

அயலார் மட்டுமன்று, குழந்தையை இழந்த பெற்றோரும் நம் ஊகத்திற்குத் தப்புவதில்லை. ஓயூர்க் குழந்தையின் பெற்றோரையே ஐயுற்றுப் பேசியவர்களை நாம் அறிவோம். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் பேட்டையில், சாலையோரத்தில் உறங்கிய நாடோடிக் குடும்பத்தின் 2 வயதுக் குழந்தை நள்ளிரவில் களவு போயிற்று. அன்று மாலையே கொச்சுவேளி அருகே மீட்கப்பட்டது. ‘அது அவர்களுடைய குழந்தைதானா?’ என்று நம்மிற் பலர் கேட்டோம். மார்ச்சில் காவல்துறை கைது செய்தது பெற்றோரை அன்று, வேறொருவரை. வீடில்லாதவர்க்குப் பிள்ளைப் பாசமும் இராது என்று எண்ணிவிட்டோமே!

மேலை நாட்டாரும் இதில் நமக்கு இளைத்தவர் அல்லர். 2007 மே 3ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டு விடுதி ஒன்றில் ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி காணாமற்போனாள். அருகில் வாழ்ந்த ஒருவர்மீதும், பின்னர்ப் பெற்றோர்மீதும் இலண்டன் நாளேடுகள் ஊகங்களை எழுதிக் குவித்தன. 2008இல் அவ்வேடுகள் மன்னிப்புக் கேட்டுப் பல இலட்சம் பவுன் இழப்பீடு கொடுத்தன. ஏட்டுக்கு ஒரு முகவரி இருந்தது. வழக்குத் தொடுக்க முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் வந்த குரலுக்கு முகவரி ஏது?

இங்கே ஒரு வினா எழும். “அந்தப் படம் எங்கும் பரவியதனால் அன்றோ ஓயூர்க் குழந்தையை மாணவர்கள் அடையாளம் கண்டனர்? நாம் வாய்மூடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்பீர்கள். நேரிய கேள்வி. இதற்கு விடை காணாமல் இப்பேச்சை முடிக்கலாகாது. பரவிய படம் குழந்தையை மீட்டது. பரவிய ஊகம் எவரையும் மீட்கவில்லை. பின்னர்க் குழந்தை சொன்ன அடையாளங்களைக் கொண்டு வரைந்த உருவப்படங்களும் பயன்பட்டன. அவை கண்டவர் சொல்லிப் பிறந்தவை. ‘இன்ன சாதியார், இன்ன நாட்டார், தகப்பனுக்கே பங்கு இருக்கும்’ என்பவை காணாதவர் சொல்லிப் பிறந்தவை. முன்னது சான்று, பின்னது கதை. குழந்தையின் முகத்தைப் பரப்பலாம். நம் ஐயத்தைப் பரப்பலாகாது.

ஆகவே நம் காலனியார் 4 முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறோம்.

முதலாவது, காவல்துறை வெளியிட்ட செய்தியை மட்டும், அது வெளியிட்டவாறே, நாளும் தொலைபேசி எண்ணும் சேர்த்து அனுப்புவோம். ஒரு சொல்லையும் கூட்டமாட்டோம்.

இரண்டாவது, நாமே எதையேனும் கண்டால் குழுவில் எழுதாமல் 112 என்ற எண்ணுக்கோ, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணுக்கோ சொல்வோம். குழுவில் எழுதினால் கடத்தியவனும் அதைப் படிக்கக்கூடும்.

மூன்றாவது, குழந்தை கிடைத்தவுடன் அதன் படத்தை நம் கருவியிலிருந்து அழிப்போம். குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போக வேண்டும், மணமகளாக வேண்டும். வாழ்நாள் முழுவதும் ‘கடத்தப்பட்ட பெண்’ என்ற பெயரோடு அவள் நடக்க வேண்டுமா?

நான்காவது, நம் தெருவில் அயலார் எவரேனும் நின்றால் முதலில் ‘யார் வேண்டும் ஐயா?’ என்று கேட்போம். ஐயம் தீராவிடில் காவல் நிலையத்துக்குச் சொல்வோம். கை நீட்டமாட்டோம், படம் எடுக்கமாட்டோம்.

இன்னொன்றும் எல்லைக்காரராகிய நாம் அறிந்திருக்க வேண்டும். காணாமற்போன குழந்தை பற்றிய முறையீட்டை உடனே வழக்காகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. நிகழ்ச்சி நடந்த இடம் எதுவாயினும் எந்தக் காவல் நிலையமும் முறையீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. ஆதலின் பாறசாலையா, களியக்காவிளையா என்று அலைய வேண்டியதில்லை. அண்மையில் எது உண்டோ அங்கே செல்க. முதல் ஒரு மணி நேரத்தின் மதிப்பு பின்னர் வரும் ஒரு நாளுக்கு இல்லை.

வள்ளுவர் புறங்கூறாமையை 19ஆம் அதிகாரமாகவும், பயனில சொல்லாமையை 20ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பழிப்பதும், பயனற்றதைப் பேசுவதும் அடுத்தடுத்த வீடுகள் என்று அவர் அறிந்திருந்தார் போலும். ஒரு குழந்தைக்காகக் கவலைப்படுகிறோம் என்று எண்ணிக்கொண்டே நாம் அவ்விரு வீடுகளுக்கும் ஒரே இரவில் போய்வந்துவிடுகிறோம்.

அந்தப் பாத்திரப் பெரியவர் அதன்பின் 2 திங்கள் நம் தெருவுக்கு வரவில்லை. ஆச்சியே சொல்லியனுப்பி அவரை வரவழைத்தார். இப்போது வந்தால் தெருமுனையில் நிற்பதில்லை. நேரே ஆச்சியின் வாசலில்தான் நிற்கிறார். குழந்தைகள் இருக்கும் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர் மீண்டும் நம் பிள்ளைகளிடம் தயங்காமல் வழி கேட்கும் நாள் வரவேண்டும். அந்நாளே நம் காலனி குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இடமாயிற்று என்று நாம் சொல்லிக்கொள்ளத் தக்க நாள்.