மேடையும் இயங்கு விளக்கும்

(சங்க நாடகக் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மேடை ஒளியைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்துள்ளார். பகலெல்லாம் இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டுபவன் நான். படிப்போ பத்தாம் வகுப்பு. ஆயினும் சங்க நாடகங்களுக்கு விளக்குப் பார்த்துப் பழகிய அளவில் சிலவற்றைக் கூற முற்படுகின்றேன்.

நாம் வாழும் இந்நாட்டின் கதகளி மேடையை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆட்டவிளக்கு ஒன்றே. அதன் திரிகளுள் பெரியது நடிகரை நோக்கும். சிறியது அவையை நோக்கும். விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். நடிகரே ஒளியை நாடி முன்வருவார். இன்றைய மேடையிலோ விளக்கு நடிகரை நாடிச் செல்கின்றது. 1981 செப்டம்பரில், ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரின் காளைப்போர் அரங்கில், 'ஜெனிசிஸ்' என்னும் ஆங்கில இசைக்குழுவின் நிகழ்ச்சியில் 'வேரி-லைட்' விளக்குகள் மக்கள் முன் ஏறின. இன்று வாடகைக்கு வரும் இயங்கு விளக்குகளுக்கெல்லாம் வழிகாட்டியவை அவையே.

இவ்விளக்குகளை ஆள்வது கட்டுப்பாட்டு மேசை. மேசையும் விளக்கும் பேசிக்கொள்ளும் மொழிக்கு 'டி.எம்.எக்ஸ். 512' என்று பெயர். 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட இம்முறையில், ஒரு கம்பித் தொடரில் 512 வழிகள் உண்டு; ஒவ்வொரு வழியிலும் 0 முதல் 255 வரை ஓர் எண் செல்லும். பக்கவாட்டில் திரும்புவதற்கு ஒரு வழி, மேலும் கீழும் சாய்வதற்கு ஒரு வழி, ஒளியின் அளவுக்கு ஒன்று, நிறத்திற்கு வேறு சில என்று வைத்து, ஒரு விளக்குக்கு 16 வழிகள் எனக் கொள்வோம். முதல் விளக்கின் தொடக்க எண் 1, அடுத்தது 17, அதற்கடுத்தது 33. ஒரே வகையான இரண்டு விளக்குகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால், இரண்டும் ஒரே கட்டளைக்கு ஆடும். தனித்தனியே ஆள இயலாது.

இங்கே ஒரு சிறு கணக்கு. பல விளக்குகள் பக்கவாட்டில் 540 பாகை வரை திரும்பக்கூடியவை. அதனை 255 படிகளாகப் பகுத்தால் ஒரு படிக்கு இரண்டு பாகைக்கு மேல் வரும். பத்து மீட்டர் தொலைவில் அஃது ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் ஆகும். முகத்தில் விழவேண்டிய ஒளி தோளில் விழுந்துவிடும் அன்றோ? ஆகவேதான் திரும்புவதற்கு இரண்டு வழிகளைச் சேர்த்து 65,536 நிலைகளாக நுணுக்கியுள்ளனர். அப்பொழுது ஒரு படி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவே.

மேசையில் அமர்பவர் முதலில் செய்யவேண்டுவது நிலைகளைப் பதிவு செய்தல். 'திண்ணை', 'அரியணை', 'வாயில்' எனப் பெயரிட்டு, அவ்வவ்விடத்தில் ஒளி சரியாக விழும் நிலையைச் சேமித்தல் வேண்டும். பின்னர் எழுதும் 'க்யூ' ஒவ்வொன்றும் அப்பெயர்களையே சார்ந்து நிற்கட்டும். நாடகம் வேறு அரங்கிற்குச் சென்றால், பத்து நிலைகளைத் திருத்தினாலே போதும். நூறு 'க்யூ'வும் தாமே திருந்தும்.

இனி, இன்று நான் சொல்ல வந்த தலையாய செய்திக்கு வருகின்றேன். இரயில் பாதையில் முதலில் பாயிண்டு திரும்பிப் பூட்டப்பட வேண்டும். பின்னரே சிக்னல் வழிகொடுக்கும். பழைய லீவர் கேபினாயினும் இன்றைய மின்னணு முறையாயினும் இவ்விதி ஒன்றே. மேடை விளக்குக்கும் அதுவே விதி. விளக்கு இருளில் திரும்ப வேண்டும். நிறம் இருளில் மாற வேண்டும். உரிய இடத்தில் நின்ற பின்னரே ஒளிர வேண்டும். ஒளிர்ந்துகொண்டே திரும்பினால், சோகக் காட்சியில் அவையோரின் கண் தாயின் முகத்தை விட்டு, சுவரில் ஓடும் ஒளிவட்டத்தின் பின்னே சென்றுவிடும். சில மேசைகள் இதனைத் தாமே செய்யும். இல்லாதவற்றில் இடையே ஒரு 'க்யூ' எழுதி நாமே செய்தல் வேண்டும். அணைவதற்கு நேரமில்லாத விளக்கை அடுத்த காட்சிக்கு நம்பலாகாது. அதற்கு வேறு விளக்கை ஒதுக்குதலே முறை.

விளக்குகள் மிகுந்தால்தான் கலை சிறக்கும் என்பதில்லை. கல்கத்தாவின் தாபஸ் சென் 1959இல் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுவதையும், 'சேது' நாடகத்தில் இரயில் பாய்ந்து வருவதையும் ஒளியாலேயே காட்டினார். இயங்கு விளக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தவை இவை!

நமக்கு இதில் உள்ள அக்கறை தனிப்பட்டது. நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்பவர்கள். இலக்கியத் தமிழை அவர்கள் செவிகுளிரக் கேட்பது ஆண்டுக்கு ஒருமுறை நம் மேடையிலேதான். பழகாத சொல்லை அவர்கள் காதால் மட்டும் பற்றுவதில்லை. பேசுவோரின் உதட்டையும் கண்ணையும் பார்த்தே பொருள் கொள்கின்றனர். முகம் இருண்டால் சொல்லும் இருண்டுவிடும். இந்தத் திருவனந்தபுரத்தில் 1912இல் பிறந்த டி. கே. சண்முகம் ஔவையாக மேடையில் வாழ்ந்து காட்டினார். அத்தகைய நடிப்பை அவையோரிடம் கொண்டு சேர்ப்பதே விளக்கின் வேலை.

வாடகை விளக்கோடு வரும் தொழிலாளர் திறமையுடையவரே. ஆனால், நம் நாடகத்தை அன்று மாலையே முதன்முறை காண்பவருக்கு எந்தச் சொல்லில் ஒளி மாறவேண்டும் என்று எவ்வாறு தெரியும்? ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. வசனம் முழுதும் அறிந்த நம் இளைஞர் இருவர் மேசைப் பயிற்சி பெற்று அவரருகே அமர வேண்டும். விளக்குகளோடு முழு ஒத்திகை ஒன்று நடத்தப்பெற வேண்டும். செலவு மிகுமெனில் நான்கு விளக்கைக் குறையுங்கள், ஒத்திகையைக் குறைக்காதீர்கள்.