காமிராச் செலவு வீணோ?

(சென்னீர்குப்பத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேசப் புகும் பொருள் காமிராவைப் பற்றியது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கும் காமிராவுக்கும் யாது இயைபு எனச் சிலர் வினவுதல் கூடும். நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றே இப்பொருளை எடுக்குமாறு என்னைத் தூண்டிற்று. லட்ச ரூபாய் கொடுத்துக் காமிரா வாங்க விழையும் மகன் ஒரு பக்கம். 'இஃது ஊதாரித்தனம்' என்று கடியும் தந்தை மற்றொரு பக்கம். இருவரும் நம்மவரே. இருவர் பக்கத்தும் நியாயம் உண்டு. ஆகலின் நடுவுநின்று ஆராய்தல் நம் கடனாம்.

முதற்கண் மைந்தர் வாதத்தைக் கேட்போம். 'மோட்டார் சைக்கிளுக்கு இதனினும் மிகுதியாகச் செலவிடுவார் உளர். பெட்ரோலும் இன்ஷூரன்சும் பழுதுபார்ப்பும் அதற்கு மேல். வாரந்தோறும் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் பணத்தை இறைப்பார் உளர். எம்முடைய ஆசை மட்டும் குற்றமாமோ?' என்பர். கணக்கிட்டு நோக்கின் இவ்வாதம் முற்றும் பொய்யன்று. ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய கருவி பத்தாண்டு உழைக்குமாயின், ஆண்டொன்றுக்கு 10,000 ரூபாய். திங்களுக்கு 833 ரூபாய். முன்னாளிற்போல் பிலிம் சுருளுக்கும் அதனைக் கழுவுதற்கும் ஓயாது செலவிட வேண்டுவதின்று. காமிராவின் உடல் விரைவில் விலை இறங்கினும், நல்ல லென்ஸ் நெடுங்காலம் நிற்கும். நிக்கான் நிறுவனத்தார் 1959இல் வகுத்த லென்ஸ் பிணைப்பு முறை, ஐம்பது ஆண்டுகட்கு மேல் அடிப்படை மாறாது தொடர்ந்தமை இதற்குச் சான்று.

ஆயினும், இளைஞர்களே! பிறன் செய்யும் வீண்செலவு நம் செலவுக்கு நியாயம் ஆகாது. அயலான் ஆயிரம் ரூபாயை ஆற்றில் எறிந்தான் என்பதனால், நாம் ஐந்நூறு எறிதல் சிக்கனம் ஆகுமோ? ஆகலின் ஏனைப் பொழுதுபோக்குக்களோடு ஒப்பிட்டுத் தப்பிக்கொள்ளும் வழியை விட்டுவிடுங்கள்.

இனித் தந்தையர் வாதம். 'கைப்பேசியிலேயே காமிரா இருக்க, வேறொன்று எதற்கு?' என்பர். நன்று. பகலொளியில் வீட்டாரைப் படம்பிடிக்கக் கைப்பேசி போதும். ஆனால் படத்தை உருவாக்குவது ஒளி. முழு அளவுக் காமிராவில் ஒளியை ஏற்கும் தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பெரும்பாலான கைப்பேசிகளில் அதன் பரப்பு இதிற் பத்தில் ஒரு பங்கும் இராது. கோயிற் கருங்கல் மண்டபத்தின் மங்கலொளியிலும், செம்பரம்பாக்கம் ஏரியின் நடுவே நிற்கும் பறவையினிடத்தும் இவ்வேறுபாடு புலனாகும். ஆகவே கருவி வேண்டுமா என்பதன்று வினா. அக்கருவியாற் செய்யும் பணி யாது என்பதே வினா.

இவ்வழக்கு நம் வீடுகளில் தோன்றிய புதுமையன்று. சென்னை அரசாங்கத்திலேயே முன்னர் நிகழ்ந்தது. 1856இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை மாகாண அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்றார். பெரிய காமிராவையும் மெழுகு தோய்த்த காகிதங்களையும் சுமந்துகொண்டு திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் 1858ஆம் ஆண்டளவில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சூழ்ந்த கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட சுருளாக்கினார். 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், அரசாங்கத்தின் நிதிநிலைக்கு ஏலாத ஆடம்பரம் இஃதெனக் கருதி, அப்பணியை நிறுத்திவிட்டார். சேமித்த தொகை அக்காலத்தோடே செலவாகி ஒழிந்தது. டிரைப் எடுத்த படங்களோ இன்றும் உள்ளன. பின்னாளிற் செப்பனிடப்பெற்ற மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை அதற்குமுன் சிதைந்து கிடந்த கோலத்தை நமக்குக் காட்டுகின்றன. ஆடம்பரம் என்று கழித்தது எது, ஆதாயமாய் நின்றது எது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

மற்றொரு சான்று நம் காலத்தது. 1955இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், தமிழ்நாட்டுக் கோயில்களையும் திருமேனிகளையும் ஊரூராய்ச் சென்று படம்பிடித்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைத் தொகுத்து வைத்துள்ளனர். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் திருமேனி களவு போயிற்று. 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு அதனை வாங்கிற்று. 'இஃது எங்களுடையது' என்று வாயாற் சொன்னால் யார் நம்புவர்? 1994இல் அந்நிறுவனத்தார் எடுத்து வைத்த படமே சான்றாய் நின்றது. 2014 செப்டம்பரில் நடராசர் தாய்நாடு திரும்பினார். அன்று ஒருவர் காமிராவைச் சுமந்து அச்சிற்றூர்க்குச் சென்ற செலவை வீண் என்பார் உளரோ?

'இவை பெரிய நிறுவனங்களின் செய்தி. குடும்பத்தார் நமக்கு என்ன?' எனின், சொல்லுவேன். 2015 டிசம்பரில், நமக்கு அணித்தே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. அடையாற்றங்கரை வீடுகளில் நீர் புகுந்தபோது, கட்டிலும் பீரோவும் நனைந்தன. அவற்றை மீண்டும் வாங்கிவிட்டனர். பாட்டனார் திருமணப் படமும், பழைய கிரயப் பத்திரமும், கையெழுத்துக் குறிப்பேடும் நனைந்தவர் மீண்டும் எங்கே வாங்குவர்? நல்லதொரு காமிராவும் முக்காலியும், இருபுறமும் சாய்வாக வைத்த இரண்டு விளக்குக்களும் இருப்பின், ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் ஏடுகள் அனைத்தையும் படமாக்கி விடலாமே!

அங்ஙனமாயின், விலை மிக்க கருவியே வேண்டுமோ எனின், வேண்டா. சென்னையில் வாழ்ந்த இயற்கை ஆராய்ச்சியாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல காமிராக்களின் உறுப்புக்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், யானை முதலிய காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிற் படம்பிடித்தவர். அக்கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டார். கருவியின் விலையினும் காத்திருக்கும் பொறுமையும் கண்ணின் பயிற்சியுமே பெரியன என்பதற்கு அவர் வாழ்க்கை போதும்.

ஆதலின் இளைஞர்கட்குச் சில சொல்வேன். திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம் வருவாயின் அளவறிந்து செலவிடுமாறு வற்புறுத்துகின்றது. வட்டித் தவணையில் காமிரா வாங்கற்க, சேமித்து வாங்குக. முதலிற் பழைய கருவியொன்றை வாங்கியோ, நாள் வாடகைக்கு எடுத்தோ பழகுக. ஓராண்டு விடாது பயன்படுத்திய பின்னர், குறை எங்கே உள்ளது என்று கண்டு, அதற்கேற்ற லென்ஸ் வாங்குக. நம் பக்கத்து ஈரக்காற்றில் லென்ஸிற் பூஞ்சை படரும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இட்ட பெட்டியில் வைத்துக் காத்திடுக. பெட்டியிலேயே உறங்கும் காமிரா எவ்வளவு மலிவாக வாங்கியதாயினும் வீண்செலவே.

தந்தையர்க்கும் ஒன்று சொல்வேன். மகன் கேட்டவுடன் மறுத்துவிடாது, 'இதனால் யாருக்கு என்ன செய்வாய்?' என்று வினவுங்கள். விடை சொல்ல இயலாதவன் இன்னும் சில காலம் காத்திருக்கட்டும். விடை கூறுவானுக்குக் கைகொடுங்கள்.

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் பொது நிதியிலிருந்து ஒரு காமிராவும் அதற்குரிய துணைக்கருவிகளும் வாங்கி வைத்தல் வேண்டும். அதனை ஆளப் பழகிய இளைஞர் திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லங்கட்குச் சென்று, ஏடுகளையும் படங்களையும் உரிமையாளர் இசைவோடு படமெடுத்து, ஒரு படியை அவர்களிடமும் மற்றொரு படியைச் சங்கத்திலும் வைத்தல் வேண்டும். முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்தம் முகத்தையும் அவர் வைத்திருந்த ஏட்டையும் பின்னர் எவ்விலை கொடுத்தும் பெறல் இயலாது. இதனை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகின்றேன்.