காசியும் அதன் தறிகளும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



காசி என்றதும் நம்மவர் மனம் விசுவநாதர் சந்நிதிக்கும் கங்கைத் துறைகளுக்கும் போய்விடும். அது இயல்பே. நான் இன்று அந்நகரின் தறிகளைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறேன்.

வருணை, அசி என்னும் சிற்றாறுகளுக்கு இடைப்பட்டதால் வாரணாசி என்பர். கங்கை இங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. ஆதலால் மேற்குக்கரைப் படித்துறைகளில் நிற்போர் முகத்தில் உதயசூரியனின் ஒளி விழும். புத்தர் முதலில் அறமுரைத்த சாரநாத் அருகிலேயே உள்ளது. இன்றுள்ள விசுவநாதர் ஆலயம் அகல்யாபாய் ஹோல்கர் 1780இல் கட்டுவித்தது. நாம் நவராத்திரியில் ஓதும் சகலகலாவல்லிமாலையைக் குமரகுருபரர் காசியிலேதான் பாடினார் என்பது மரபு.

இனித் தறிக்கு வருவோம். காசித் துணியின் மென்மையைப் பழைய பாளி நூல்களே புகழ்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கபீர்தாசர் இந்நகரின் நெசவாளர் குடும்பத்தவர். இன்றும் நெசவாளரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நமக்குக் கூறை எப்படியோ, வடநாட்டு மணப்பெண்ணுக்குப் பனாரஸ் சேலை அப்படி. அதை நெய்யும் அதே கைகள் திபெத்திய பௌத்த மடங்களுக்கும் பட்டு நெய்து கொடுக்கின்றன! சமயச் சண்டை பேசுவோர் அந்தத் தறிக்கூடங்களை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

நெசவாளர் குழித்தறியிலே கால்களைக் குழிக்குள் விட்டு அமர்வார். சித்திரத்தை முதலிற் கட்டமிட்ட தாளில் வரைந்து, பின் அட்டைகளில் துளையிட்டுத் தறியின் மேலே கோப்பார்கள். ‘கட்வா’ என்னும் வேலையிலே ஒவ்வொரு பூவையும் தனித்தனிச் சிறு நூற்கண்டினால் நெய்ய வேண்டும். வேலைப்பாடு மிக்க ஒரு சேலைக்கு மாதங்கள் செல்லும். விசைத்தறியோ அதே தோற்றத்தை விரைவாகவும் மலிவாகவும் தந்துவிடுகிறது. 2009இல் பனாரஸ் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் போலிகள் ஓயவில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவர் சொல்லும் கூலிக்கு நெய்வோர் அநேகர். பலர் தம் பிள்ளைகளைத் தறியில் அமர்த்த விரும்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

காசிக்குப் போகும் அன்பர்களே, சேலை வாங்கினால் அதன் மறுபுறத்தைத் திருப்பிப் பாருங்கள். கட்வா வேலையில் பூவுக்குப் பூ ஓடும் நூல் இராது. விசைத்தறிச் சேலையில் அந்நூலை வெட்டிய தும்பு பெரும்பாலும் கையில் தட்டும். விலை பேசுவது அதன் பிறகு இருக்கட்டும்.